சொந்தக்காரரை மன்னிப்பது எப்படி: மனசு வேறு, சலாம் வேறு, பங்கு வேறு

அத்தா (அப்பா) மவுத்தாகி (இறந்து), அம்மாவின் இத்தா (கணவரை இழந்தவர் இருக்கும் காத்திருப்புக் காலம்) முடிந்த மறுவாரம், அண்ணன் எங்களை ஆட்டோவில் ஏற்றிப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். "சும்மா ஒரு கையெழுத்துதான், வீட்டு வரியைப் பேர் மாத்தணும்ல" என்றார். நானும் அக்காவும் அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, பெருவிரலை மையில் உருட்டி அழுத்திவிட்டு, துடைக்கத் துணி கிடைக்காமல் முக்காட்டுக்குள் கைவிட்டு முடியில் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தோம். அண்ணன் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். நாங்கள் கையெழுத்துப் போட்டது எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்பது இரண்டு வருஷம் கழித்து, வேறு ஒரு வேலையாக வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வீடும் காணியும் முழுசாக அவர் பேரில் இருந்தது.

அதற்கப்புறம் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது இருக்கிறது. இடையில் நான் என்ன செய்தேன், எதையெல்லாம் தப்பாகச் செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் ஆலிமா இல்லை, ஃபத்வா கொடுக்கவும் வரவில்லை. குர்ஆனிலும் ஹதீஸிலும் நான் பிடித்துக்கொண்ட இடங்களையும் வீட்டில் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் ஊர் ஹஜ்ரத்திடமும் (பள்ளிவாசல் ஆலிம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தப்பு, மன்னிப்பு என்றால் ஒரே பொட்டலம் என்று நினைத்தது. "மன்னிச்சிடும்மா, மன்னிக்கிறவங்களைத்தான் அல்லாஹ்வுக்குப் பிடிக்கும்" என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்ன பெரியவர்கள் யாருக்கும் அரை சென்ட் நிலம்கூடப் போகவில்லை. அவர்கள் சொன்னதன் அர்த்தம் எனக்கு இப்படிக் கேட்டது: கோபப்படாதே, அண்ணன் வீட்டுக்குப் போ, பங்கைக் கேட்காதே. இவை மூன்றும் மூன்று தனித்தனி விஷயங்கள். மனசில் உள்ள வெறுப்பு ஒன்று, உறவுத் தொடர்பு இன்னொன்று, எனக்கு வரவேண்டிய ஹக்கு (உரிமை) மூன்றாவது. ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்ற இரண்டையும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்று மார்க்கம் எங்கேயும் சொல்லவில்லை. இதைப் பிரித்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

சொந்த வீட்டுக்காரர்களைப் பற்றி குர்ஆன் நேரடியாகப் பேசுகிற ஒரு வசனம் தகாபுன் அத்தியாயத்தில் இருக்கிறது (64:14). உங்கள் துணைகளிலும் பிள்ளைகளிலும் உங்களுக்குப் பகையானவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே, நீங்கள் பிழை பொறுத்து, கண்டுகொள்ளாமல் விட்டு, மன்னித்தால் அல்லாஹ் மன்னிப்பவன், கருணையாளன் என்கிறது. மதீனாவுக்கு ஹிஜ்ரத் (இடம்பெயர்ந்து) போகவிடாமல் குடும்பத்தாரே தடுத்த சிலரைப் பற்றி இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது திர்மிதீ ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. தாமதமாகப் போய்ச் சேர்ந்தவர்கள், மற்றவர்கள் மார்க்கத்தில் எவ்வளவு முன்னால் போய்விட்டார்கள் என்று பார்த்து, தடுத்த குடும்பத்தாரைத் தண்டிக்க நினைத்தார்களாம். எச்சரிக்கையும் மன்னிப்பும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று இன்னொன்றை முறிக்கவில்லை. அண்ணனை மன்னித்த பிறகும் அவர் நீட்டுகிற காகிதத்தைப் படிக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அது வன்மம் கிடையாது. ஒரே பொந்தில் முஃமின் (இறைநம்பிக்கையாளர்) இரண்டு தடவை கொட்டுப்படமாட்டான் என்பதும் நபி (ஸல்) சொன்னதுதான்.

அந்த வசனத்தில் மன்னிப்புக்கு மூன்று சொற்கள் வருகின்றன. அஃப்வு என்றால் தண்டிக்காமல் விடுவது, ஸஃப்ஹு என்றால் குத்திக்காட்டாமல் விடுவது, மக்ஃபிரத் என்றால் மூடி மறைப்பது. எனக்கு முதலாவது ஒரு வருஷத்தில் வந்தது. இரண்டாவதற்கு அஞ்சு வருஷம் ஆனது. மூன்றாவது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, இந்தக் கட்டுரையை எழுதுவதே அதில் சேருமா சேராதா என்று யோசித்து, ஊர் பேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

சரி, எங்கே தொடங்குவது?

ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நடந்ததை மட்டும். நான் எழுதிய முதல் தாள் எட்டுப் பக்கம் போனது, அதில் மச்சி (அண்ணன் மனைவி) 2 பவுன் வளையல் புதிதாகப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தது, அண்ணன் மகன் எனக்கு சலாம் சொல்லாமல் பைக்கில் போனது எல்லாம் இருந்தது. இரண்டாம் தடவை எழுதியபோது அரைப் பக்கம்: பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினார், கேட்டபோது ஒப்புக்கொள்ளவில்லை, அம்மாவைத் தன் பக்கம் பேசவைத்தார். அவ்வளவுதான். மீதி ஏழரைப் பக்கமும் நானாகச் சேர்த்துக்கொண்ட வட்டி. பைக்கில் போன பையனுக்கு அப்போது 14 வயசு, அவன் என்னைப் பார்த்தானா என்றே தெரியாது. மன்னிக்கவேண்டியது எது என்று தெரியாமல் மன்னிக்க முடியாது, அந்த அரைப் பக்கம்தான் நம் கணக்கு. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், யார் கையிலாவது கிடைத்தால் அது தனிக் கதை.

அடுத்தது வாயை அடக்குவது. இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அநியாயம் செய்யப்பட்டவர் வாய்விட்டுச் சொல்ல அனுமதி உண்டு, குர்ஆன் 4:148 அப்படித்தான் சொல்கிறது. தன் கணவர் செலவுக்குக் காசு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) நபியிடம் வந்து முறையிட்டபோது, புறம் பேசாதே என்று அவரை வாயடைக்கவில்லை, உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று வழி சொன்னார்கள். அதனால் யாரிடம் சொல்லலாம் என்றால், ஏதாவது செய்யக்கூடியவரிடம். ஜமாஅத் தலைவர், வக்கீல், அண்ணன் மதிக்கிற சின்னத்தா, நம் மனசைத் தாங்கிக்கொள்கிற ஒரு தோழி. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் 40 பேருக்கு நடுவில் ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போடுவது முறையீடு கிடையாது. நான் போட்டேன். அதை மச்சியின் தம்பி துபாயிலிருந்து கேட்டுவிட்டு அவர் பங்குக்கு ஒன்று போட்டார், அதற்கு அக்கா மருமகன் ஒன்று போட்டார், கடைசியில் எங்கள் நிலத்துக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்வதை நிறுத்தின. அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டு முடிக்க ஒரு ரமலான் பிடித்தது.

அபூபக்ரும் மிஸ்தஹும்

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. நபியின் மனைவியும் நபித்தோழர் அபூபக்ரின் மகளுமான அன்னை ஆயிஷா (ரலி) மீது அவதூறு பரவியபோது அதை வாயில் போட்டு மென்றவர்களில் ஒருவர் மிஸ்தஹ். அவர் வெளியாள் இல்லை. அபூபக்ர் (ரலி) அவர்களுக்குத் தாய்வழிச் சொந்தம், ஏழை, ஹிஜ்ரத் செய்தவர், முஸ்லிம்களின் முதல் பெரிய போரான பத்ருப் போரில் கலந்துகொண்டவர், அபூபக்ர் கொடுக்கிற காசில் சாப்பிட்டவர். உப்பிட்டவரின் மகளைப் பற்றியே பேசியிருக்கிறார். ஒரு தகப்பனாக யோசித்துப் பாருங்கள்.

புகாரி ஹதீஸ் தொகுப்பில் ஒரு காட்சி வரும். தன்னைப் பற்றி ஊரே பேசுகிறது என்பது ஆயிஷா அம்மாவுக்கு இன்னும் தெரியாது, ஒரு மாசம் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருக்கிறார்கள். இரவில் மிஸ்தஹின் தாயாரோடு வெளியே போகும்போது அந்த அம்மா தன் போர்வையிலேயே கால் தடுக்கி, "மிஸ்தஹ் நாசமாய்ப் போகட்டும்" என்று பெற்ற பிள்ளையைச் சபிக்கிறார். ஆயிஷா அம்மாவோ, "பத்ரில் கலந்துகொண்ட ஒரு மனுஷரையா ஏசுகிறீர்கள்?" என்று அவருக்காகப் பேசுகிறார்கள். அதற்கப்புறம்தான் விஷயம் தெரியவருகிறது. நல்லவர் ஒருவர் கெட்ட காரியம் செய்தார், கெட்ட காரியம் செய்த பின்னும் பத்ரு பத்ருதான். என் அண்ணன்தான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதும், பத்திரத்தில் ஏமாற்றியவர் என்பதும் இரண்டுமே நிஜம் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு இந்தக் காட்சிதான் உதவியது.

ஆயிஷா அம்மா குற்றமற்றவர் என்று வஹீ (இறைச்செய்தி) இறங்கிய பிறகு, இனி மிஸ்தஹுக்குக் காசு கொடுக்கமாட்டேன் என்று அபூபக்ர் சத்தியம் செய்தார்கள். அப்போதுதான் 24:22 இறங்கியது: உங்களில் வசதியும் சிறப்பும் உள்ளவர்கள், சொந்தக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் அல்லாஹ்வின் பாதையில் ஹிஜ்ரத் செய்தவர்களுக்கும் கொடுக்கமாட்டோம் என்று சத்தியம் செய்யவேண்டாம், மன்னித்துப் பொருட்படுத்தாமல் விடட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா? "ஆமாம், அல்லாஹ்வின் மீது ஆணையாக, அல்லாஹ் என்னை மன்னிப்பதை விரும்புகிறேன்" என்று சொல்லி அபூபக்ர் மறுபடி காசைக் கொடுக்க ஆரம்பித்தார்கள், இனி ஒருபோதும் நிறுத்தமாட்டேன் என்றும் சொன்னார்கள்.

பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது. அவதூறு சொன்னதற்காக மிஸ்தஹுக்குத் தண்டனையும் நிறைவேற்றப்பட்டது என்று அபூதாவூதில் அறிவிப்பு இருக்கிறது. தண்டனையும் உண்டு, காசும் உண்டு. அபூபக்ர் மன்னித்தார் என்பதற்காக ஆயிஷா அம்மாவின் மானம் பேசித் தீர்க்கிற விஷயமாகிவிடவில்லை. "குடும்ப விஷயம், வெளியே தெரியவேண்டாம், மன்னிச்சு விட்டுடு" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டாம் பாதியை ஞாபகப்படுத்துங்கள்.

மனசு ஆற எவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளலாம்?

மூன்று நாளைக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு பேசாமல் இருப்பது கூடாது, இவர் முகத்தைத் திருப்ப அவரும் திருப்ப, இருவரில் முதலில் சலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். திங்கள், வியாழன் கிழமைகளில் பாவங்கள் மன்னிக்கப்படும்போது பகை வைத்திருக்கிற இரண்டு பேரை மட்டும், சமாதானமாகும் வரை விட்டுவையுங்கள் என்று சொல்லப்படுவதும் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இதைக் கேட்டு நான் பயந்து, நாலாம் நாளே மனசு சுத்தமாகிவிடவேண்டும் போல என்று நினைத்து, ஆகவில்லை என்று என்மேலேயே கோபப்பட்டேன். மூன்று நாள் என்பது சலாமுக்கான கெடு. வலிக்குக் கெடு யாரும் வைக்கவில்லை.

யூசுஃப் அத்தியாயத்தைக் கவனித்துப் படியுங்கள். ஒரே குற்றம், ஒரே குடும்பம். சகோதரர்களால் கிணற்றில் போடப்பட்ட யூசுஃப் (அலை), "இன்று உங்கள்மேல் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார் (12:92). அழுது அழுது கண் வெளுத்துப்போன தகப்பன் யஃகூப் (அலை) அவர்களோ, எங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள் என்று பிள்ளைகள் கெஞ்சும்போது, "பிறகு கேட்பேன்" என்கிறார் (12:98). விடியலுக்கு முந்திய ஸஹர் நேரத்தில் கேட்பதற்காகத் தள்ளிவைத்தார் என்று தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) சொல்வார்கள், இருக்கட்டும். ஒருவர் "இன்று" என்றார், ஒருவர் "பிறகு" என்றார், இருவருமே நபிமார்கள். "பிறகு" என்று சொல்லவும் உங்களுக்கு இடம் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களுக்கே இப்படி ஒரு சொந்தக்காரர் இருந்தார். அபூ சுஃப்யான் இப்னு ஹாரிஸ், பெரியத்தா மகன், ஒரே தாயிடம் பால் குடித்தவர், நபித்துவத்துக்குப் பிறகு பல வருஷம் நபியை வசைபாடிக் கவிதை எழுதியவர். (மக்கா தலைவர் அபூ சுஃப்யான் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஹிஜ்ரி 8இல் மக்காவை நோக்கிப் படை வரும் வழியில் அவர் வந்து நின்றபோது நபி (ஸல்) முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று சீராவில் (நபி வரலாற்றில்) வருகிறது. நபியின் மனைவி உம்மு ஸலமா அம்மா பரிந்து பேசினார்கள். யூசுஃபின் சகோதரர்கள் சொன்ன வார்த்தையையே போய்ச் சொல் என்று அலீ (ரலி) சொல்லிக்கொடுத்தார்கள், அவர் சொன்னார், யூசுஃப் சொன்ன அதே பதில் வந்தது. சில வாரம் கழித்து ஹுனைன் போரில் ஆட்கள் சிதறி ஓடியபோது நபியின் கோவேறு கழுதைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஆள்தான். ஆனால் முதலில் முகம் திரும்பியதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள், எனக்கு அது பெரிய ஆறுதல்.

பங்கு

மனசுக்குக் காலம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்திரத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பொய் சொல்லி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம்தான் சட்டம் தருகிறது. கோபம் தணியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் கெடு போய்விடும். எனக்குத் தெரிந்த பலர் இதில்தான் கோட்டை விட்டார்கள்.

அப்புறம், எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன்: அத்தாவுக்கு வாரிசு அம்மா, ஒரு மகன், இரண்டு மகள். கடனையும் வஸிய்யத்தையும் (உயில்) கழித்த பிறகு மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மீதியில் ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று. சொத்து 32 லட்சம் என்று வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு 4, அண்ணனுக்கு 14, அக்காவுக்கு 7, எனக்கு 7. இது அண்ணன் பார்த்துக் கொடுக்கிற சீர் இல்லை, நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் பெயர் சொல்லிப் பிரித்த பங்கு. "உனக்குத்தான் கல்யாணத்துக்கு 30 பவுன் போட்டாச்சே" என்பார்கள். அது அத்தா உயிரோடு இருந்தபோது கொடுத்த அன்பளிப்பு, வாரிசுரிமை அவர் மவுத்தான பிறகுதான் பிறக்கிறது, இரண்டும் ஒன்றாகாது. "காணியில் பொம்பளைக்குப் பங்கு கிடையாது" என்றும் ஒரு கதை ஓடும். 1937 ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மைதான், ஆனால் சென்னை மாகாணத்தில் 1949லேயே திருத்தி அதையும் சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு செல்லாது.

இதைக் கேட்பது மன்னிக்காத குணம் இல்லை. மனம் ஒப்பித் தராத பொருள் இன்னொருவருக்கு ஹலாலாகாது என்பது ஹதீஸ், வெட்கப்பட்டுப் போட்ட கையெழுத்தும் ஏமாந்து போட்ட கையெழுத்தும் மனம் ஒப்பியதில் சேராது. நீங்கள் பேசாமல் இருந்தால் அண்ணன் அந்த 7 லட்சத்தைக் கியாமத் (மறுமை) நாள் வரை சுமப்பார். அநியாயம் செய்கிற சகோதரனுக்கு உதவுவது என்றால் அவன் கையைப் பிடித்துத் தடுப்பது என்று நபி (ஸல்) சொன்னது இதுபோன்ற இடத்துக்குத்தான்.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை, ஆனால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அதற்கப்புறம்தான் ஜமாஅத்தில் உட்கார்ந்து பேச அண்ணன் வந்தார். காணியில் ஒரு பகுதி எனக்கும் அக்காவுக்கும் திரும்பி வந்தது, முழுசாக வரவில்லை. எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் யோசித்து, அந்த மீதியை அண்ணனுக்கு ஹலாலாக்குகிறேன் (மனமொப்பி விட்டுக்கொடுக்கிறேன்) என்று ஹஜ்ரத் முன்னால் சொன்னேன். அக்கா சொல்லவில்லை. அது அவள் உரிமை, அதற்காக அவளைக் குறைவாக நினைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தீமைக்குக் கூலி அதே அளவு தீமைதான், மன்னித்துச் சமாதானம் செய்தவருக்குக் கூலி அல்லாஹ்விடம் என்று 42:40 இரண்டு கதவையுமே திறந்துதான் வைத்திருக்கிறது.

இதில் ஒரு கொசுறு. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக வந்து, "ஏதாச்சும் மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிடுங்க" என்பார்களே, நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் நிலத்தை வைத்துக்கொண்டிருப்பவர் பேரீச்சம்பழ டப்பாவோடு வந்து அதைச் சொன்னால் பழக்கதோஷத்தில் "ஹலாலாக்கிட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஹஜ்ஜு செய்தாலும் மனிதர்களுக்குத் தரவேண்டியது தீர்ந்துவிடாது என்றுதான் ஆலிம்கள் சொல்கிறார்கள். "பேசின வார்த்தைய ஹலாலாக்கிட்டேன் மாமு, காணி விஷயத்த நீங்க போறதுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து பேசுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி சொன்னார், காரியம் நடந்தது.

சலாமைத் தொடங்குவது

கல்யாண வீட்டில் தொடங்காதீர்கள், எல்லோர் கண்ணும் உங்கள்மேல் இருக்கும், வீடியோக்காரர் வேறு லைட்டைத் திருப்புவார். ஆஸ்பத்திரி வராந்தா, ஜனாஸா (சாவு) வீடு, பெருநாள் காலை, இவைதான் தோதான இடம். அங்கே சலாமுக்குப் பதில் சொல்லாமல் போவது அவருக்கும் கஷ்டம். "உங்களை மன்னிச்சிட்டேன்" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். அதைக் கேட்பவருக்கு மன்னிப்பு கேட்காது, குற்றச்சாட்டு மட்டும்தான் கேட்கும். யூசுஃப் (அலை) கடைசியில் பழைய கதையைச் சொல்லும்போது, அல்லாஹ் என்னைச் சிறையிலிருந்து வெளியேற்றினான் என்றுதான் சொன்னார், கிணற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை, சகோதரர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் என் சகோதரர்களுக்கும் நடுவில் ஷைத்தான் புகுந்துவிட்டான் என்று பழியையும் வேறு பக்கம் தள்ளிவிட்டார் (12:100).

நான் சொன்னது இவ்வளவுதான்: "அஸ்ஸலாமு அலைக்கும்ண்ணே, முட்டி வலி எப்படி இருக்கு?" பெரியத்தா ஜனாஸா அன்று, செருப்பு கிடக்கிற வாசலில். அவர் வஅலைக்கும் ஸலாம் என்று முணுமுணுத்துவிட்டு செருப்பைத் தேடினார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அழுதேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பதில் வராவிட்டால்? சொந்தக்காரர் நல்லது செய்தால் நாமும் செய்வது பதிலுக்குப் பதில், அவர் அறுத்துவிட்டபோது சேர்ப்பவர்தான் உறவைச் சேர்ப்பவர் என்பது புகாரியில் உள்ளது. நான் சேர்ந்து நடக்கிறேன் அவர்கள் வெட்டுகிறார்கள் என்று முறையிட்ட ஒருவரிடம், நீ சொல்வது போலவே இருந்தால் அவர்களுக்குச் சுடுசாம்பலைத் தின்னக் கொடுப்பது போல இருக்கிறது, நீ இப்படியே இருக்கும்வரை அல்லாஹ்விடமிருந்து உனக்கு ஒரு உதவியாளர் இருப்பார் என்று நபி (ஸல்) சொன்னார்கள். அந்தச் சாம்பலை மட்டும் பிடித்துக்கொண்டு, "திங்கட்டும், நல்லா திங்கட்டும்" என்று ருசித்துக்கொண்டு சலாம் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாள் நானும் அதில் ஒருத்தி.

போகவே கூடாத வீடுகளும் உண்டு. அடிக்கிற கணவர், பிள்ளைமேல் கை வைத்த மாமன், இவர்கள் விஷயத்தில் உறவைச் சேர்ப்பது என்று சொல்லி யாரையும் திரும்ப அனுப்பாதீர்கள். குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் 1098, பெண்களுக்கு 181, முதலில் அதுதான், மற்ற பேச்செல்லாம் அப்புறம். பேசினால் தன் மார்க்கத்துக்கோ வாழ்க்கைக்கோ கேடு வரும் என்று பயப்படுகிறவர் மூன்று நாளுக்கு மேலும் விலகி இருக்கலாம் என்று இப்னு அப்துல் பர் என்ற அந்தலூசிய அறிஞர் எழுதியிருக்கிறார், அழகாக விலகி இருப்பது வேதனை தருகிற உறவைவிட மேல் என்றும் சொல்கிறார். தன் சின்னத்தா ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷீ இஸ்லாத்துக்கு வந்தபோது நபி (ஸல்) அதை ஏற்றுக்கொண்டார்கள், தண்டிக்கவில்லை. ஆனால் "என் கண்ணில் படாமல் இருக்க உன்னால் முடியுமா?" என்று கேட்டார்கள். அவரும் அப்படியே ஒதுங்கி இருந்துகொண்டார். மன்னித்தவர் முகம் பார்த்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும். தூரத்திலிருந்து ஒரு துஆ, நல்ல செய்தி வந்தால் மாஷா அல்லாஹ், அவ்வளவோடு இருக்கலாம்.

உங்களுக்கு அநியாயம் செய்தவர் மவுத்தாகிவிட்டால் வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள், பதில் சொல்ல ஆள் இல்லாததால் கோபம் அங்கேயே நின்றுவிடும். பணம் வரவேண்டியிருந்தால் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் கடன் உண்டா என்று கேட்கும்போது கூச்சப்படாமல் வாரிசுகளிடம் சொல்லிவிடுங்கள். விட்டுக்கொடுப்பதானால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், மய்யித்துக்கு (இறந்தவருக்கு) அதைவிடப் பெரிய ஃபாத்திஹா இல்லை.

ஞாபகம் திரும்பி வரும். பத்து மாசம் ஒன்றும் இருக்காது, ஒரு நாள் கரும்புச்சாறு வண்டியைக் கடக்கும்போது வயிற்றைப் பிசையும். அப்படி வந்தால் மன்னிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஹஷ்ர் அத்தியாயத்தில் ஒரு துஆ இருக்கிறது, ஈமான் கொண்டவர்கள்மேல் எங்கள் உள்ளத்தில் கசப்பை வைத்துவிடாதே ரப்பே என்று (59:10), வித்ருத் தொழுகைக்குப் பிறகு அண்ணன் பேரைச் சொல்லி அதை ஓதுகிறேன். சொர்க்கவாசிகளைப் பற்றிப் பேசும்போது அவர்கள் நெஞ்சில் உள்ள கசப்பை நாம் பிடுங்கி எடுப்போம் என்று குர்ஆன் சொல்கிறது (7:43). அதாவது சொர்க்கத்துக்குள் போகிறவர்களிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்போல.

ஜனாஸா வாசலில் சலாம் சொன்ன அந்த வருஷ நோன்புப் பெருநாளைக்கு ஒரு எவர்சில்வர் தூக்கில் முட்டையும் கருப்பட்டியும் போட்டுச் செய்த வட்டலப்பம் வைத்து என் மகனிடம் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். தூக்கு கழுவிக் காலியாகத் திரும்பி வந்தது. எங்கள் பக்கம் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள், அதனால் அந்தக் காலித் தூக்குக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கமும் தெரியும். அடுத்த வருஷமும் காலி. மூன்றாம் வருஷம் மூடியைத் திறந்தால் உள்ளே அத்தா வைத்த மரத்து முருங்கைக்காய், நாலு, தூக்குக்குள் அடங்க இரண்டாக ஒடித்து வைத்திருந்தது. அந்த மரம் பத்திரத்தில் போன வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. அன்றைக்கே சாம்பார் வைத்தேன்.

இந்தப் பெருநாளைக்கும் முட்டை சொல்லி வைத்தாயிற்று. அண்ணனுக்கு இப்போது சுகர், கருப்பட்டியைக் குறைத்துத்தான் போடவேண்டும், ருசி போய்விட்டது என்று மச்சி நிச்சயம் குறை சொல்வார், சொல்லட்டும்.